சேற்றின் சாட்சியம்

எங்கள் வளவில் கிணறு தோண்டிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூதூரில், ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலம் அது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மேலே வெறும் மணல். இடுப்பளவு ஆழத்தில் மண் கறுத்தது. அழுகிய முட்டையின் மணம் கிளம்பியது. அதற்கும் கீழே மட்டிச் சிப்பிகள் படைபடையாகக் கிடந்தன. உள்ளே நின்றவர் ஒரு கை அள்ளி மேலே எறிந்தார். வாப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல முந்திக் கடல் இருந்திருக்கு மகன்" என்றார்.

"அப்ப நம்மட வீடு?"

"நம்மட வீடு இப்ப வந்ததுதானே."

பிற்பாடு முப்பது வருடம் புவியியல் படிப்பித்தேன். வாப்பா சொன்னது சரியென்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கைக் கரையோரத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்தது என்பதற்கு உள்நிலத்தில் புதைந்து கிடக்கும் சிப்பிப் படைகளும் பவளப் படைகளும் சாட்சி. ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத ஒரு மனிதர் ஒரு கைப்பிடிச் சிப்பியிலிருந்து அந்த முடிவுக்கு வந்தார். ஆனால் அன்று என்னை உலுக்கியது அவருடைய இரண்டாவது வாக்கியம். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் வீடு தேடி வந்தார். காணிப் பிரச்சினைகளில் ஓடித் திரிபவர். அவருடைய குடும்பத்து வயல்கூட எல்லைக்கல் தகராறில் இருக்கிறது. தேத்தண்ணீர் ஆறும்வரை பொறுத்திருந்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சேர், மண்ணைச் சோதிச்சு எத்தனையாயிரம் வருஷத்துக்கு முந்தினதையும் சொல்றாங்களாமே. அப்பிடிச் சோதிச்சு, இந்த மண்ணில நாங்கதான் முந்தி எண்டு எழுதித் தரேலாதா?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணியொன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் முதற் பட்டியலில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் கல்லென்றால் வெறும் கல்லல்ல, மேடென்றால் வெறும் மேடல்ல. நிலத்தின் பழமை ஒரு வழக்காகிவிட்டது. வழக்கு என்றால் எல்லோரும் சாட்சி தேடத்தானே செய்வார்கள்? அந்த இளைஞரும் தேடினார். அவர் கண்டுபிடித்த சாட்சி சேறு.

சேறு சாட்சி சொல்லும் என்பது உண்மைதான். எப்படிச் சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மலையில் இருக்கும் பாறையை மழையும் வெயிலும் சிதைக்கின்றன. எப்படிச் சிதைக்கின்றன என்பது காலநிலையைப் பொறுத்தது. வெப்பமும் இடையறாத மழையும் சேர்ந்தால் பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் கரைந்து வெளிறிய கயோலின் களியாக மாறும். இன்னும் கடுமையாகக் கழுவப்பட்டால் அலுமினியம் மிகுந்த கிப்சைட் எஞ்சும். மழை குறைந்து வறட்சி நீண்டால் சிதைவு பாதியில் நிற்கும். பெல்ட்ஸ்பார் மணிகள் உருக்குலையாமலே ஆற்றில் இறங்கும். ஈரத்தில் ஊதி, காய்ந்தால் வெடிக்கும் ஸ்மெக்டைட் களி மிகும். மூடுண்ட ஏரியொன்று வற்றத் தொடங்கினால் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் உறைந்து படியும். இவை எல்லாம் ஆண்டாண்டாகப் படை மேல் படையாக அடுக்கப்படுகின்றன. ஆய்வாளர் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி அந்த அடுக்கை உருக்குலையாமல் எடுக்கிறார். எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் கனியங்களை இனங்காண்கிறார். கூடவே கிடக்கும் இலைத்துண்டையோ கரியையோ கதிரியக்கக் காபன் முறையில் காலக்கணிப்புச் செய்கிறார். மழை பெய்த காலமும் பெய்யாத காலமும் வரிசையாக வந்துவிடுகின்றன.

திருகோணமலை மாவட்டத்தில் பழங்கால ஏரி என்று சொல்லத்தக்கது இல்லை. கந்தளாய் பெரிதுதான், ஆனால் அது மனிதர் கட்டிய குளம். எங்களுக்கு இருப்பவை களப்புகளும் குடாக்களும். தம்பலகமம் குடா, உட்துறைமுகம், கொட்டியாரக் குடா ஆகிய மூன்றின் அடிச்சேற்றையும் இலங்கை, யப்பான் ஆய்வாளர்கள் இரசாயன முறையில் ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்தப் பாறையிலிருந்து வந்த சேறு, வழியில் எப்படி மாறியது, மனிதர் அதில் சேர்த்தது என்ன என்பவையே அவர்களுடைய கேள்விகள். ஒரே துறைமுகத்தைச் சுற்றிய மூன்று நீர்ப்பரப்புகளின் சேற்றையும் அவர்கள் தனித்தனியே விசாரித்தது கவனிக்கத் தக்கது.

எங்கள் சேற்றின் தலைக்கட்டு வேறெங்கோ இருக்கிறது. 335 கிலோமீட்டர் நீளமான மகாவலி, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கிளைகளையும் சேர்த்துக்கொண்டு வந்து மூதூரருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அந்தச் சமவெளி 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள சதுப்புக்குள்ளிருந்து எடுத்த படிவுகளை ஆராய்ந்து பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அதில் இருக்கிறது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது இன்றைய ஈரமான மலைக்காடு அங்கே இருக்கவில்லை, நிலம் வறண்டிருந்தது. பின்னர் பருவமழை வலுத்தது, காடு பரவியது. இடையில் மழை மறுபடியும் தளர்ந்த ஒரு காலமும் வந்து போனது. மிகப் பழைய தானியப் பயிர்ச்செய்கையின் அடையாளமும் அங்கே உண்டு என்று அவர்கள் முன்வைத்த கருத்து இன்னும் விவாதத்துக்குரியது. மேலே அந்தப் பள்ளத்தாக்குகளில் மழை கூடியதும் குறைந்ததும் கீழே எங்களிடம் வந்து சேரும் களியையும் மணலையும் மாற்றியிருக்கும். குடாவோடும் அது முடிவதில்லை. துறைமுகத்தின் வாயிலிலேயே தொடங்கும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு இறங்குகிறது. மகாவலியின் சேற்றில் ஒரு பங்கு அந்த வழியே வங்காள விரிகுடாவின் இருட்டுக்குள் போய்ச் சேருகிறது.

இந்தச் சாட்சியை அப்படியே நம்பிவிடலாமா? ஹதீஸ் கலையின் வாசனை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாயிராது. ஒரு செய்தி வந்தால், செய்தியை மட்டும் பார்த்து எங்கள் முன்னோர் திருப்திப்படவில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, நடுவில் வந்தவரின் ஞாபகம் எப்படி என்று இஸ்னாதை உருவி உருவிப் பார்த்தார்கள். சேற்றுக்கும் அப்படியொரு அறிவிப்பாளர் வரிசை உண்டு. மலைப்பாறை சொன்னதை ஓடை கேட்டது. ஓடை சொன்னதை ஆறு கேட்டது. ஆற்றிடமிருந்து குடா வாங்கிக்கொண்டது. ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றினார்கள். ஆறு பாரமானதை வழியில் போட்டுவிட்டு இலேசானதைக் கொண்டுவந்தது. அலை இலேசானதை அடித்துக்கொண்டு போய்ப் பாரமானதைக் கரையில் விட்டது. புல்மோட்டைக் கருமணல் அப்படிச் சேர்ந்ததுதான். அதில் சுமார் 70 சதவீதம் இல்மனைட். மிச்சத்தில் ரூட்டைலும் சிர்கோனும். மலைநாட்டுப் பாறைகளில் இருநூறு கோடி ஆண்டுகளைத் தாண்டிய சிர்கோன் மணிகள்கூட உண்டு. அவ்வளவு பாரமான மணல் இன்று அங்கே கிடப்பதால் மலையிலும் இல்மனைட்தான் அதிகம் என்று ஒருவர் முடிவு கட்டினால், நடுவில் வந்த அறிவிப்பாளரை அவர் விசாரிக்கவில்லை என்று பொருள்.

ஆகவே நல்ல ஆய்வாளர் ஒரு சாட்சியோடு நிற்பதில்லை. களி சொல்வதை மகரந்தத்திடம் கேட்கிறார். மகரந்தம் சொல்வதைக் காபனிடம் கேட்கிறார். மூன்றும் ஒத்துப்போனால் ஏற்கிறார். ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகவில்லை என்று எழுதி வைக்கிறார். நீதிக்குரிய இந்த நிதானத்தை மனிதரின் வழக்குகளில் நான் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். முதல் விடை எளிது. சேற்றுக்குப் பெயர்கள் தெரியாது. காடு எரிந்தால் கரி தெரியும். வயல் விதைத்தால் நெல்லின் மகரந்தமும், மண் அரிப்பும் தெரியும். எரித்தவர் எந்த மொழி பேசினார், விதைத்தவர் எந்தத் திசை நோக்கித் தொழுதார் என்பது படிவதில்லை. சேற்றை எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் 'நாங்கள்' என்ற சொல் வராது.

இதோடு அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் கேள்வியின் ஆழம் அதுவல்ல. ஒரு பேச்சுக்கு, பெயர்களும் படிந்திருந்தன என்றே வைத்துக்கொள்வோம். முதலில் வந்தவர் யாரென்று தெரிந்துவிட்டது. அதனால் காணி அவருடையதாகிவிடுமா?

முந்தியவருக்கே உரிமை என்றால், அந்த முந்தலை எந்தப் படையில் நிறுத்துவது? ஒருவர் தனக்கு வசதியான ஆழத்தில் மண்வெட்டியை நிறுத்துவார். அடுத்தவர் இன்னும் ஒரு முழம் தோண்டுவார். கடைசியில் சிப்பிதான் மிஞ்சும். "நம்மட வீடு இப்ப வந்ததுதானே" என்று வாப்பா சொன்னபோது அவருடைய குரலில் குற்றவுணர்வு இருக்கவில்லை. வீட்டை விட்டுப் போகவேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. அன்று பின்னேரமே கிணற்றுக்குக் கட்டுக் கட்ட ஆள் பிடித்தார். பிந்தி வந்தவர் என்பதை ஒப்புக்கொண்டே அந்த மண்ணில் உரிமையோடு வாழ முடியும் என்பதை அவர் ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை, வாழ்ந்து காட்டினார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. அந்த இளைஞரே அதைச் சொன்னார்: "சேருக்கு உறுதி இருக்கு. அதால இப்பிடிக் கதைக்கலாம். கையில கடுதாசி இல்லாதவனுக்குப் பழமையையும் விட்டா என்ன இருக்கு?" எனக்குச் சுருக்கென்றது. எல்லைக்கல் நாட்டப்பட்டவனிடம் போய் மண் யாருக்கும் சொந்தமில்லை என்று பேசுவது ஞானமாகாது. பிறர் வரலாற்றைத் திரித்து எங்களை நேற்று வந்தவர்கள் என்று சொல்லும்போது, உண்மையைச் சான்றோடு எடுத்து வைப்பது கடமை. சாட்சியை மறைப்பது பாவம் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். அந்தளவில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் பொய்யை மறுப்பதற்குச் சான்று காட்டுவதும், பழமையின்மேல் உரிமையைக் கட்டுவதும் இரண்டு வேலைகள். முதலாவதைச் செய்யும்போதே இரண்டாவதுக்குள் வழுக்கி விழுகிறோம். எங்கள் உரிமை எதில் நிற்கிறது? உழுத நிலத்தில், அனுமதிப்பத்திரத்தில், வாங்கிய விலையில், கொடுத்த வாக்கில், மையவாடியில் கிடக்கும் உம்மாமாரில், அங்கே பிறந்து வேறு இடம் அறியாத பிள்ளைகளில். இவை போதும். இவை போதாது என்று எவரும் எங்களை நம்பவைத்துவிட்டால், அந்த நாளிலேயே நாங்கள் தோற்றுவிட்டோம்.

இந்த அளவுகோலை எடுத்தால் விலையும் கொடுக்க வேண்டும். எனக்குப் போதுமான நியாயம் என் அயலவருக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு பூட்டப்பட்டதிலிருந்து யுத்தம் எங்கள் பக்கம் திரும்பியது. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்க்கு நடந்தோம். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்கள் வேறு திசையில் ஓடினார்கள். அவர்களில் பலர் திரும்பி வர ஆண்டுகள் பிடித்தன. கந்தளாயில் எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்களில் குடியேற்றத் திட்டத்தில் வந்த ஒரு சிங்களக் குடும்பமும் இருந்தது. அந்தத் திட்டங்கள் எங்கள் மாவட்டத்தின் கணக்கை எப்படி மாற்றின என்பதை வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன். அது அநீதியென்றால் திட்டம் வகுத்தவர்களிடம் கேட்க வேண்டும். அந்த வீட்டில் பிறந்த பிள்ளையிடம் 'நீ பிந்தி வந்தவள்' என்று சொல்ல எனக்கு நா எழாது. அவளுடைய தகப்பனும் ஒரு கிணறு தோண்டியிருக்கிறான். இந்த இடத்தில் இளைஞர் தலையை ஆட்டவில்லை. நானும் அவரை வற்புறுத்தவில்லை.

அப்படியானால் சேற்றின் சாட்சியம் எதற்குத்தான் பயன்படும்? நாம் நடக்கும் நிலம் ஒருநாள் நம்மைப் பற்றிப் பேசும் என்று மத்ரஸாவிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பேச்சு 'யாருடைய நிலம்' என்பது பற்றியதல்ல, 'அதன்மேல் என்ன செய்தாய்' என்பது பற்றியது. சேறு இன்றைக்கே அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

2004 டிசம்பர் 26 காலையில் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடல் உள்ளே வந்தது. அப்படியொன்று நடக்கும் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் குழாய் இறக்கியவர்கள், 2004இன் மணற்படைக்குக் கீழே அதே மாதிரியான பழைய மணற்படைகளைக் கண்டார்கள். கடந்த 7,000 ஆண்டுகளில் பல தடவை கடல் அங்கே வந்திருக்கிறது. ஆச்சேயின் கரையோரக் குகையொன்றில் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. 2004க்கு முந்திய 7,400 ஆண்டுகளில் சிலபோது ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே பல அலைகள். சிலபோது 2,000 ஆண்டு மௌனம். செய்தி எங்கள் காலடியில் இருந்தது. கேட்பார் இருக்கவில்லை. முன்பு கேளாததற்கு எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அறிவே அப்போது எங்கள் கைக்கு எட்டியிருக்கவில்லை. இப்போது கேட்டுவிட்டோம். கேட்டவனுக்குக் கடமை வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு எங்கும் கட்டட வேலை. ஆற்றோரமாக வாப்பா விட்டுப்போன ஒரு துண்டுக் காணி எனக்கு இருந்தது. மணலுக்குக் கேட்டார்கள். மகளின் கலியாணம் நெருங்கியிருந்தது. கொடுத்தேன். டிப்பர்கள் இரண்டு மாரிக்கிடையில் அந்தக் கரையை அள்ளிக்கொண்டு போயின. ஆற்றங்கரையைத் தோண்டினால் கரை சரியும், உப்புத்தண்ணீர் மேலே ஏறும் என்று கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் எழுந்த பிறகு மேலேயிருந்து மணல் வருவது குறைந்துவிட்டது. அதுவும் எனக்குத் தெரியும். பல நூறு ஆண்டுகள் அடுக்கி வைத்ததை ஒரு கலியாணச் செலவுக்கு விற்றேன். முந்தியவர் யார் என்று வழக்காடும் எங்களில் எத்தனை பேர், அந்த மண்ணையே கியூப் கணக்கில் விற்றுக்கொண்டு வழக்காடுகிறோம்? நிலம் என்னுடையது என்ற உரிமை அதைத் தின்று தீர்க்கும் அதிகாரமாகாது. அது அமானிதம். எனக்குப் பின்னால் வருபவருக்கும், எனக்குக் கீழே இருப்பவருக்கும் நான் அதில் பொறுப்பாளி. கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைத்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளம் எவருடைய பூர்வீகத்தையும் விசாரித்துவிட்டு வீட்டுக்குள் போகவில்லை.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. மலைநாட்டில் மண் சரிந்து ஊர்களை மூடியது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மகாவலி பெருக்கெடுத்து எங்கள் தாழ்நிலங்களுக்குள் புகுந்தது. நான் விற்ற கரை இருந்த பக்கமாகத்தான் தண்ணீர் முதலில் ஏறியது. வடிந்த பிறகு பார்த்தால், வாப்பா தோண்டிய கிணறு அரைவாசி சேற்றால் நிரம்பியிருந்தது.

இறைக்க அந்த இளைஞர்தான் வந்தார், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. வாளி வாளியாகச் சேறு மேலே வந்தது. செம்மஞ்சள் நிறம், வெயிலில் மைக்கா மினுங்கியது. அவர் ஒரு பிடியை எடுத்து விரலால் தேய்த்தார்.

"இது நம்மட மண்ணில்லையே சேர்?"

"மலைநாட்டு மண் தம்பி. மேலே சரிஞ்சது."

அவர் சிறிதுநேரம் கையை விரித்தபடியே நின்றார். அந்த மண் யாருடைய வீட்டை மூடிவிட்டு வந்ததோ, எங்களுக்குத் தெரியாது. பிறகு கேட்டார், "இதை எங்க கொட்டுற?"

அதுவரை வந்ததையெல்லாம் வாசலிலே குவித்துக்கொண்டிருந்தோம். ஆற்றோரக் காணியில் டிப்பர்கள் விட்டுப்போன பள்ளம் அப்படியே கிடந்தது. அதைக் காட்டினேன். பின்னேரம் வரைக்கும் தள்ளுவண்டியில் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டினோம். பள்ளத்தின் ஒரு மூலைகூட நிரம்பவில்லை.